வருடக் கடைசியில் பிறந்தவர்கள்

என் மகனைக் காற்பந்து அகாடமியிலிருந்து நிறுத்திய அன்று காலை அவனுக்கு இரண்டு முட்டை அவித்துக் கொடுத்திருந்தேன். நெத்திலி சம்பலோடு சோறும் போட்டிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்று அந்தப் பயிற்சியாளர் என்னிடம் கேட்ட கேள்வி சோற்றைப் பற்றியது.

என் மகனைத் தேடி வந்து எடுத்தவரும் அவர்தான். ஒரு வருடத்துக்கு முன் மாவட்டப் பள்ளிகளுக்கான போட்டி சுங்கை சிப்புட்டில் நடந்தபோது, திடலோரம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "அக்கா, இந்த இடது கால் சும்மா வராது. ஈப்போவுக்குக் கூட்டிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார். அன்றைக்கு அவர் எனக்கு சாமி மாதிரி தெரிந்தார். அந்த ஒரு வருடமும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் மகனை மோட்டாரில் பின்னால் உட்கார வைத்து, பழைய சாலையில் சிம்மோர் வழியாக ஈப்போவுக்கு ஓட்டினேன். சனிக்கிழமை வேலை இருந்தால் சிப்டை யாரிடமாவது மாற்றிக்கொள்வேன். மழை வந்தால் பாலத்துக்கு அடியில் நிற்போம். அவன் பந்துக் காலணியை நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொள்வான்.

வருடக் கடைசியில், அடுத்த ஆண்டுக்கு யார் யார் தொடரலாம் என்று அறிவிக்கும் நாள். தகரக் கூரைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெற்றோர் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். பையன்கள் செயற்கைப் புல்லில் வரிசையாக நின்றார்கள். பயிற்சியாளர் தாளைப் பார்த்துப் பெயர்களை வாசித்தார். பெயர் வந்தவன் வலது பக்கம் ஓடிப் போய் நின்றான். என் மகன் பெயர் வரவில்லை. கடைசியில் இடது பக்கம் ஏழு பேர் மிச்சம் நின்றார்கள். எல்லாரும் சின்னப் பையன்கள். வயதில் இல்லை, உருவத்தில்.

நான் எழுந்து போய்க் கேட்டேன். தனியாக, மெதுவாகத்தான் கேட்டேன். அவர் பதில் சொன்னது நாற்காலி வரிசை முழுக்கக் கேட்டது.

"கால் நல்லாதான் இருக்கு அக்கா. உடம்பு எங்க? அடுத்த வருசம் இவனை எவனாவது லேசா மோதினா பறந்து போயிருவான். வீட்ல சோறு போடுறீங்களா இல்லையா?"

சிரித்தார்கள். ஒரு வருடமாக என்னோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்த பெண்களும் சிரித்தார்கள். அதோடு விட்டிருந்தால்கூட நான் மறந்திருப்பேனோ என்னவோ. அவர் என் மகன் பக்கம் திரும்பி, "ஜெர்சி அகாடமியோடது. கழட்டிக் குடுத்துட்டுப் போ. புதுப் பையன்களுக்கு வேணும்" என்றார்.

அவன் அங்கேயே கழற்றினான். விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. எல்லாரும் பார்த்தார்கள். சட்டையை அவன் ஒழுங்காக மடித்து இரண்டு கையாலும் நீட்டினான். அவர் வாங்கிப் பையில் எறிந்தார். நான் என் தொழிற்சாலை ஜாக்கெட்டைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டு மோட்டாரைக் கிளப்பினேன்.

வழியில் அவன் அழவில்லை. சிம்மோர் சாலை விளக்கில் நிற்கும்போது காதுக்குப் பக்கத்தில் வந்து கேட்டான்: "அம்மா, நான் இன்னொரு முட்டை சாப்பிட்டிருக்கணுமோ?"

அதன் பிறகு அவன் சாப்பிட ஆரம்பித்தான். வயிறு நிறைந்த பிறகும் தட்டை நீட்டுவான். போதும் என்றால் கேட்க மாட்டான். பின்னால் குளியலறையில் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்கும். வாயைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் உட்காருவான். என் வீட்டுக்காரர் லோரி ஓட்டுபவர். வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். "விடு லா, பந்துதானே. பெரிய பள்ளிக்குப் போனா மறந்துருவான்" என்றார். அவர் அந்த வாந்திச் சத்தத்தைக் கேட்டதில்லை.

நான் கேட்டேன். கேட்கக் கேட்க எனக்குள் ஒன்று இறுகியது.

நான் வேலை செய்வது கமுந்திங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில், தரம் பார்க்கும் பிரிவில். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு ஊசித் துளை இருக்கிறதா என்று பார்ப்போம். கெட்டுப்போனதைக் கழித்துத் தொட்டியில் போடுவோம். பெட்டியின் மேல் இருக்கிற எண்ணைப் பார்த்தாலே எந்த சிப்டில், எந்த இயந்திரத்தில் வந்த சரக்கு என்று சொல்லிவிடுவேன். ஒரே கோளாறு ஒரே எண் வரிசையில் திரும்பத் திரும்ப வந்தால் குற்றம் கையுறையில் இல்லை, இயந்திரத்தில் என்று எங்களுக்குத் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து மகனின் பிறப்புப் பத்திர நகலைத் திரும்ப வாங்க அகாடமி அலுவலகத்துக்குப் போனேன். கிளார்க் பெண் உள்ளே தேடப் போயிருந்தாள். சுவரில் அன்று பெயர் வாசித்த தாள் ஒட்டியிருந்தது. பெயர், பக்கத்தில் அடையாள அட்டை எண். நம் நாட்டில் அந்த எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. முதலில் வருடம், நடுவில் மாதம், பிறகு நாள். பழக்க தோஷத்தில் என் கண் எண்களில்தான் போனது. எடுக்கப்பட்டவர்களின் நடு இரண்டு இலக்கங்கள்: ஜனவரி, பிப்ரவரி, ஜனவரி, மார்ச், ஜனவரி, பிப்ரவரி. அங்கங்கே ஒரு மே, ஒரு ஜூன். கீழே சிவப்புக் கோடு போட்டு அடித்த ஏழு பெயர்கள்: அக்டோபர், டிசம்பர், நவம்பர், செப்டம்பர், டிசம்பர், நவம்பர், டிசம்பர். கடைசி டிசம்பர் என் மகன்.

ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் காற்பந்தில் ஒரே வயதுப் பிரிவு. பன்னிரண்டு வயதில் அந்தப் பதினோரு மாதம் ஒரு தலை உயரம். அந்த மனிதர் தொடர வேண்டியவர்களைத் திறமையைப் பார்த்து எடுக்கவில்லை. முன்னால் பிறந்தவர்களை எடுத்துவிட்டுப் பின்னால் பிறந்தவர்களைத் தூக்கி எறிந்திருக்கிறார். அது அவருக்கே தெரியவில்லை.

கிளார்க் பெண் வந்து, "என்னக்கா பார்க்கிறீங்க?" என்றாள்.

"என் மகன் பேரு இருக்கான்னு பார்த்தேன் லா" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

அன்று மோட்டாரில் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன். அந்த மனிதர் தூக்கி எறிந்த பையன்களை நான் பொறுக்குவேன். வளரும் வரைக்கும் வைத்திருப்பேன். வளர்ந்த பிறகு அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவேன். மகனுக்காக என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை இன்னும் நீக்கியிருக்கவில்லை. அதில் இருந்த எண்களை வைத்து அந்த ஆறு வீட்டுக்கும் போன் போட்டேன். இரண்டு பேர் திட்டினார்கள். நான்கு பேர் கேட்டார்கள். ஒரு தகப்பன் போனிலேயே அழுதார். "எம் மகன் பந்து பார்த்தாலே எந்திரிச்சுப் போயிடுறான் தங்கச்சி" என்றார்.

அந்த நான்கு பேர் சொல்லி, அதே வயதில் அகாடமி முன்பே கழித்திருந்த இன்னும் ஐந்து பையன்களும் கிடைத்தார்கள். பயிற்சி கொடுக்க ஆள் வேண்டுமே. எங்கள் ஊரில் தொழிற்சாலை பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு உணவுக்கடை இருக்கிறது. அதை நடத்துகிற பாய் சின்ன வயதில் மாநில இளையோர் அணியில் தடுப்பாட்டக்காரராக இருந்தவர். இப்போது தொப்பை. கல்லாவில் உட்கார்ந்துகொண்டே தொலைக்காட்சியில் ஓடுகிற ஆட்டத்தைத் திட்டிக்கொண்டிருப்பார். ஒருநாள் பசியாற உட்கார்ந்தபடி விஷயத்தை முழுக்கச் சொன்னேன். அவர் அந்த அகாடமி ஆளைத் தனக்குத் தெரியும் என்றார்.

"அவன் கெட்டவன் இல்ல தங்கச்சி. ஒவ்வொரு வருசமும் கப்பு ஜெயிக்கலன்னா முதலாளி அவனை வீட்டுக்கு அனுப்பிடுவான். இன்னைக்கு ஜெயிக்கணும்னா பெரிய பையனைத்தான் எடுப்பான்."

"அவர் கெட்டவரா நல்லவரான்னு நான் கேக்கல பாய். நீங்க வாரீங்களா இல்லையா?"

தொலைக்காட்சியை அணைத்தார். "வாரேன். ஆனா திடலுக்குள்ள நான் சொல்றதுதான். நீ கோட்டுக்கு வெளிய நிக்கணும்" என்றார்.

திடல் நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்துடையது. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை போட்டுப் பல வருடமாகிவிட்டது. தொழிலாளர் லயங்களை இடித்துவிட்டார்கள். கோயிலும் திடலும் மட்டும் இருந்தன. மேனேஜரிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன். கோல் கம்பங்களில் துரு. வலைக்கு நைலான் கயிறு பின்னிக் கட்டினோம். முதல் சனிக்கிழமை ஒன்பது பையன்கள் வந்தார்கள். என் மகன் பத்தாவது ஆள். வரமாட்டேன் என்றவனை, சும்மா கோல் கம்பத்துக்குப் பெயின்ட் அடிக்க வா என்று பொய் சொல்லித்தான் கூட்டிப் போனேன்.

அடுத்த வருடக் கடைசியில் நான் இன்னும் துணிந்தேன். அகாடமியில் பெயர் அறிவிக்கிற நாளன்று லீவு போட்டுவிட்டு வாசலுக்கு எதிரே மரத்தடியில் மோட்டாரை நிறுத்திக்கொண்டு காத்திருந்தேன். முகம் சுருங்கி வெளியே வருகிற தாய் தகப்பனைப் பார்த்தால் போய்ப் பேசுவேன். முதல் கேள்வியே, "தம்பி எந்த மாசம் பொறந்தான்?" ஒரு சீனத்தி என்னை ஜோசியக்காரி என்று நினைத்துக் கையைக் கொடுக்காத குறை. அவள் மகன்தான் பிறகு எங்கள் கோல்கீப்பர் ஆனான். லிந்தாங் பக்கத்திலிருந்து ஒரு மலாய்ப் பையன், நவம்பர். தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து இரண்டு சகோதரர்கள், அக்டோபரில் பிறந்த இரட்டையர்கள். பையனுக்குப் பந்து எப்படி வரும் என்று நான் அவர்களிடம் கேட்டதே இல்லை. அதை அந்தப் பயிற்சியாளர் ஏற்கனவே பார்த்துத்தான் எடுத்திருந்தார். அவர் கண்ணில் குறையில்லை. பொறுமையில்தான் குறை.

முதல் வருடம் எல்லாரிடமும் தோற்றோம். ஒரு ஆட்டத்தில் ஏழு கோல் வாங்கினோம். பெற்றோர் முணுமுணுத்தார்கள். பாய் கோலைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. சின்னச் சதுரம் போட்டு நான்கு பேருக்கு நான்கு பேர் ஆட விடுவார். பந்தைத் தூக்கி அடித்தால் விசில். "உனக்கு உசரம் இல்ல, அப்ப பந்தைத் தரையில வச்சுக்கோ. மோத வர்றவனுக்கு முன்னாடியே யோசி" என்பார். ஆட்டம் நடக்கும்போது வெளியிலிருந்து எந்தத் தகப்பனும் கத்தக் கூடாது. கத்தினால் அந்தத் தகப்பனின் மகனைப் பாய் உட்கார வைத்துவிடுவார்.

நான் கோட்டுக்கு வெளியே நின்று உயரத்தை அளந்தேன். கோயில் சாமான் அறைக் கதவில் மாதம் ஒருமுறை ஒவ்வொருவனையும் நிற்க வைத்துப் பென்சில் கோடு போடுவேன். கோடு ஏறாத மாதம் எனக்குத் தூக்கம் வராது. மற்றவர்கள் பயிர் வளர்ப்பதைப் போல நான் பழியை வளர்த்தேன் என்று சொன்னால் அது மிகையில்லை.

"உனக்கு என்னா பொறுமை தங்கச்சி" என்றார் பாய் ஒருநாள்.

"பொறுமை இல்ல பாய். கோவம்."

இரண்டாம் வருட நடுவில் வளர ஆரம்பித்தார்கள். ஒரு பள்ளி விடுமுறை முடிந்து வந்தபோது பாதிப் பேருடைய குரல் உடைந்திருந்தது. என் மகன் என் தோளைத் தாண்டிவிட்டான். ஆனால் பந்து காலில் நிற்கவில்லை. ஓடும்போது தன் காலே தனக்குத் தட்டி விழுந்தான். நான் பயந்து போனேன். பாய் சிரித்தார். "கால் திடீர்னு நீளமாயிடுச்சு, மூளைக்கு இன்னும் தகவல் போகல லா. மூணு மாசம் விடு. அதட்டாதே." அவர் சொன்னபடியே ஆனது. மூன்று மாதம் கழித்துப் பந்து திரும்ப வந்தது. இந்த முறை அதற்குப் பின்னால் ஒரு உடம்பும் இருந்தது.

மூன்றாம் வருடம் ஈப்போவில் பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கான போட்டி. அரையிறுதியில் நாங்களும் அகாடமியும் மோதுவது என்று ஆனது. அந்த வாரம் தொழிற்சாலையில் எத்தனை கையுறையில் துளையைத் தவறவிட்டேனோ தெரியாது.

ஆட்டத்தன்று காலை பாயின் வேனில் கிளம்பினோம். பின்னால் பையன்கள், முன்னால் பாயும் நானும். சிம்மோர் தாண்டியதும் நான் திரும்பி உட்கார்ந்தேன். மூன்று வருடமாகச் செய்ய நினைத்திருந்ததைச் செய்தேன்.

"உங்களை நிறுத்தினப்ப அவர் என்ன சொன்னாருன்னு ஒவ்வொருத்தனா சொல்லுங்க."

இரட்டையரில் ஒருவன், "'நீங்க பந்து பொறுக்கத்தான் லாயக்கு'ன்னு சொன்னாரு" என்றான். கோல்கீப்பர் பையன், "'உங்க அப்பா உசரம் என்ன?'ன்னு கேட்டாரு. சொன்னேன். 'அப்ப வேஸ்ட்'னாரு" என்றான். சீனப் பையன் என்றாலும் எங்களோடு பழகித் தமிழ் நன்றாக வரும். லிந்தாங் பையன், வீட்டுக்குப் போய்க் கோலி விளையாடு என்று மலாயில் சொன்னதாகச் சொன்னான். சொல்லச் சொல்ல அவர்கள் முகம் மாறியது. எனக்கு அது பிடித்திருந்தது. அப்படியே ஒவ்வொருவனாகப் பேச்சு வந்து என் மகனிடம் நின்றது.

"நான் சொல்ல மாட்டேன்" என்றான்.

"சொல்லு."

"உங்களுக்குத் தெரியும்லம்மா. அப்புறம் எதுக்கு?"

பாய் கையை நீட்டி ரேடியோவைச் சத்தமாக வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

ஆட்டம் ஆரம்பித்ததும் நான் பார்த்தது அவர்களுடைய பையன்களை. மூன்று வருடத்துக்கு முன் மலை போலத் தெரிந்த அதே ஜனவரி, பிப்ரவரிப் பையன்கள். இப்போது எங்கள் பையன்களின் உயரம்தான். ஆனால் இத்தனை நாளும் இடித்துத் தள்ளியே ஜெயித்துப் பழகியவர்கள். இடித்தால் விழாதவனை என்ன செய்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இருந்தும் முதல் கோல் அவர்களுடையது. ஒரு கார்னர் பந்து, ஒரு பெரிய தலை. பயிற்சியாளர் நாற்காலியிலிருந்து குதித்தார். அதே கறுப்புக் கண்ணாடி.

இடைவேளையில் பாய் சொன்னது ஒன்றே ஒன்று. "ஏன் அவசரப்படுறீங்க? பந்தைத் தரையில வைங்க." வேனில் நான்தான் அவர்களை அவசரப்படுத்தியிருந்தேன் என்று எனக்குத் தெரிந்தது. கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாம் பாதியில் அவர்கள் பந்தின் பின்னால் ஓடியே களைத்தார்கள். இரட்டையர்கள் கண்ணைக் கட்டினாலும் ஒருவன் எங்கே நிற்கிறான் என்று இன்னொருவனுக்குத் தெரியும். இரண்டு பேரும் நடுவில் பின்னிப் பின்னிக் கொண்டு போய் முதல் கோலைப் போட்டார்கள். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது இடது ஓரத்தில் பந்து என் மகனிடம் வந்தது. எதிரே வந்தவன் அவன் இருந்த இடத்தை அன்று பிடித்துக்கொண்ட பையன். என் மகன் அவனைத் தாண்டவில்லை. தாண்டுவது போல ஒரு தோளைச் சாய்த்தான். அவன் நம்பிப் போனதும் அந்த இடது காலால் ஒரு பந்து அனுப்பினான் பாருங்கள், ஒரு வளைவு, கோல்கீப்பர் வெளியே வரலாமா வேண்டாமா என்று தடுமாறுகிற இடத்தில் இறங்கியது. லிந்தாங் பையன் நெஞ்சால் தள்ளி உள்ளே போட்டான்.

இரண்டுக்கு ஒன்று. அப்படியே முடிந்தது.

நான் வேனுக்குப் போய்ப் பொட்டலத்தை எடுத்தேன். காலையிலேயே பாய் கடையில் கட்டி வைத்தது. கோழி பிரியாணி, முட்டையோடு. யாருக்கு என்று பாய் கேட்டபோது எனக்கு என்று சொல்லியிருந்தேன். அதை எடுத்துக்கொண்டு அந்தத் திடலைக் குறுக்கே நடந்து போனேன். பயிற்சியாளரோடு அகாடமி முதலாளி நின்றிருந்தார். பெற்றோர் கூட்டம் நின்றிருந்தது. அவர்களில் பழைய முகங்களும் இருந்தன.

"கோச், என்னைத் தெரியுதா?" என்றேன்.

அவருக்குத் தெரியவில்லை. அதுதான் என்னை இன்னும் எரித்தது.

"சோறு போடுறீங்களான்னு கேட்டீங்க. போட்டேன். இந்த பதினஞ்சு பேருக்கும் போட்டேன். எல்லாம் நீங்க வேணாம்னு எறிஞ்சது. களைச்சுப் போயிருப்பீங்க, இதை நீங்க சாப்பிடுங்க." பொட்டலத்தை அவர் கையில் வைத்தேன். முதலாளி பக்கம் திரும்பி, "இந்தப் பையன்க எல்லாரும் உங்க அகாடமிதான் சார். லிஸ்ட்டை எடுத்துப் பொறந்த மாசத்தைப் பாருங்க" என்றேன்.

பயிற்சியாளர் கண்ணாடியைக் கழற்றினார். அந்தப் பொட்டலத்தை என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார். அந்த முகத்தை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு. தொழிற்சாலை பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, சில காலைகளில், வேண்டுமென்றே. அது எனக்கு இனிப்பாகத்தான் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய்.

திரும்பும்போது வேனில் பையன்கள் கத்திக்கொண்டே வந்தார்கள். என் மகன் மட்டும் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்திருந்தான். வீட்டுக்கு வந்து மோட்டாருக்குப் பக்கத்தில் நின்று சொன்னான்.

"நீங்க அந்தச் சோத்தைக் குடுத்தப்ப அவரை யாரும் பார்க்கலம்மா. எல்லாரும் என்னைத்தான் பார்த்தாங்க. 'ஓ, அந்தப் பையனா'ன்னு."

"ஜெயிச்சவன்டா நீ. பார்க்கட்டுமே."

"நான் ஜெயிச்சேன். அந்தச் சட்டையைக் கழட்டின பையனை அவங்க மறந்திருந்தாங்க. நீங்கதான் ஞாபகப்படுத்தினீங்க."

இறுதி ஆட்டத்துக்கு அவன் வந்தான், ஆடினான், தோற்றோம். அதற்கு அடுத்த வாரம் மாநில அணித் தேர்வுக்கு அவனையும் சேர்த்து நான்கு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். மற்ற மூன்று பேர் போனார்கள். அவன் போகவில்லை. கெஞ்சினேன், கத்தினேன், ஒருநாள் பேசாமலும் இருந்தேன். "எனக்கு விளையாடப் பிடிக்கும்மா. யாரையாவது அவமானப்படுத்துறதுக்கு விளையாடப் பிடிக்கல" என்றான். இப்போது ஈப்போவில் மோட்டார் மெக்கானிக் படிக்கிறான். சாயங்காலம் நண்பர்களோடு, அணிக்கு ஐந்து பேர் ஆடும் புட்சால் ஆடுகிறான். நன்றாகச் சாப்பிடுகிறான். என்னோடு பேசுகிறான், சிரிக்கிறான். தோட்டத்துத் திடலுக்கு மட்டும் வருவதில்லை.

அவன் தேர்வுக்குப் போகாத கணக்கையும் நான் அந்தப் பயிற்சியாளர் தலையில்தான் போடுகிறேன். பாய், அதில் பாதி என்னுடையது என்கிறார். இருக்கலாம். பாதியை ஒத்துக்கொண்டாலும் மீதிப் பாதி இருக்கிறதே.

அந்த வருடக் கடைசியிலேயே அகாடமி அவரை அனுப்பிவிட்டது என்று கேள்விப்பட்டேன். புதிதாக வந்தவர் எல்லாப் பையன்களையும் புதிதாகச் சோதித்துப் பாதிப் பேரை நிறுத்தினாராம். எங்கள் திடலுக்கு வருகிற கூட்டம் கூடியது. பாய் தன் தம்பியைக் கடையில் உட்கார வைத்துவிட்டுச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வர ஆரம்பித்தார்.

ஒரு சனிக்கிழமை காலை திடலோரம் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கியவர் அவர். பக்கத்தில் பத்து வயதில் ஒரு பையன், முழங்கால் முட்டி பெரிதாக, கால் குச்சியாக. அவருடைய மகன். புதிய பயிற்சியாளர் நிறுத்தியவர்களில் அவனும் ஒருவன்.

"அக்கா" என்றார். "எம் மகனை ஒரு தடவை பாருங்க."

"எந்த மாசம்?"

அவர் தரையைப் பார்த்தார். "டிசம்பர்."

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. "நாலு வாரம் வரட்டும். பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். பையன் பந்தை முதல் தடவை தொட்டபோதே எனக்கும் பாய்க்கும் தெரிந்துவிட்டது, அவன் தலையை நிமிர்த்தி ஆடுகிறவன் என்று. எடுத்துக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். ஆனால் நான்கு வாரம் இழுத்தேன். மற்றப் பெற்றோர் கோயில் பக்கத்து நிழலில் உட்காருவார்கள். அவரை யாரும் அங்கே கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. அவர் வெயிலில் காருக்குப் பக்கத்தில் நின்றார். ஒவ்வொரு வாரமும் முடிந்ததும் என் முகத்தைப் பார்ப்பார். நான் பயிற்சிக் கூம்புகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருப்பேன்.

மூன்றாவது வாரம் பாய் பொறுக்க மாட்டாமல் வந்தார். "பையன் என்னா பாவம் பண்ணினான் தங்கச்சி?"

"பையனை நான் ஒண்ணும் பண்ணல பாய். அவனுக்கு சந்தோஷமாத்தான் இருக்கு, பாருங்க. நான் அவன் அப்பாவைத்தான் வெயில்ல காய வைக்கிறேன்."

நான்காவது வாரம் எடுத்துக்கொண்டேன். அதை மன்னிப்பு என்று சில பெற்றோர் சொல்லிக்கொண்டார்களாம். எனக்கு நல்ல மனசாம். அவர்களுக்குத் தெரியாது. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவர் ஒரே நாளில் போயிருப்பார். எடுத்துக்கொண்டதால் வாரம் இரண்டு முறை வந்து என்னை அக்கா என்று கூப்பிட வேண்டியிருக்கிறது. பந்துக்குக் காற்று போதவில்லை என்றால் பம்பை அவர் கையில்தான் கொடுக்கிறேன். குனிந்து அடிக்கிறார்.

போன மாதம் ஒரு சின்ன ஆட்டம். எங்கள் பத்து வயதுக்காரர்களில் ஒரு பையன் இருக்கிறான், ரொம்ப வேகம், அதனால் எப்போதும் ஓரத்தில்தான் போடுவோம். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் அவர் குரல் கேட்டது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அவனை நடுவுல போட்டுப் பாருங்க. பந்து வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு பக்கமும் திரும்பிப் பார்க்கிறான்."

நான் பார்த்தேன். ஆமாம், பார்க்கிறான். இத்தனை மாதமாக எனக்கும் பாய்க்கும் அது கண்ணில் படவில்லை. அன்று அவனை மாற்றவில்லை. அந்த ஆள் சொல்லி மாற்றியதாக இருக்கக் கூடாது என்பதற்காகவே ஓரத்திலேயே விட்டேன். இரண்டு கோலில் தோற்றோம்.

அந்த வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த சனிக்கிழமை பாயிடம் போய், "அவனை நடுவுல போடலாம் பாய்" என்றேன். யார் சொன்னது என்று சொல்லவில்லை. பையன் நடுவில் நின்று ஆட்டத்தையே தன் காலுக்குக் கீழே கொண்டுவந்துவிட்டான். பாய் வியந்துபோய் என் பக்கம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அவர் காருக்குப் பக்கத்தில் குனிந்து தன் மகனின் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். ஆட்டத்தைப் பார்த்தாரா இல்லையா என்று தெரியவில்லை. கட்டி முடித்து நிமிர்ந்தபோது நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் குனிந்து கூம்புகளை எண்ணி அடுக்க ஆரம்பித்தேன்.